புதிய டிஸ்க்கில் பழைய ஐந்து மணி

வேங்கைப்பாறை நகராட்சியில் மாலை ஐந்து மணியைக் கொண்டுவருவது மாலைப் பிரிவில் இருக்கும் கணினி. மற்ற மணிகள் தாமாகவே வந்துவிடும். ஐந்து மட்டும் வராது. எங்கள் ஊரின் அமைப்பு அப்படி.

நான் மாலைப் பிரிவின் இளநிலை உதவியாளன். பெயர் திருமூர்த்தி. பிரிவில் இருப்பது நானும் அந்தக் கணினியும்தான். தினமும் நான்கு ஐம்பதுக்கு ஜன்னலைத் திறந்து வைப்பேன். நான்கு ஐம்பத்தொன்பது முடிந்ததும் கணினி ஐந்து மணியை வெளியே விடும். அது முதலில் மேல்நிலைத் தொட்டியின் தலையில் படும். பிறகு தபால் நிலையச் சுவர், பிறகு பேருந்து நிலையம், கடைசியாக விசைத்தறித் தெரு. ஆறு மணி வந்ததும் தானாக விலகிக்கொள்ளும். எங்கள் ஐந்து மணியில் ஒருமுறை நடந்தவர்கள் வேறு ஊர் ஐந்து மணியைப் பற்றிப் பேசமாட்டார்கள். எலுமிச்சை சாதத்துக்கு அளவாக மஞ்சள்தூள் போட்டதைப் போன்ற நிறம். கண்ணை உறுத்தாது. துணி அதில் காய்ந்தால் மொடமொடப்பு வராது.

கணினிக்குள் இருக்கும் இயங்குதளம் 2003-ல் பணியில் சேர்ந்தது. அதன் பணிப்பதிவேடு என் மேஜை இழுப்பறையில் இருக்கிறது. விடுப்பு எதுவும் எடுத்ததில்லை. இடையில் ஓர் ஆணையர் மட்டும் அதை எடுத்துவிட்டுப் புதிய இயங்குதளம் ஒன்றைப் போட்டுப் பார்த்தார். புதியதற்கு ஐந்து மணி தெரியவில்லை. பதினேழு மணிதான் தெரிந்தது. அன்று எங்கள் ஊருக்குப் பதினேழு மணி வந்தது. அதை எப்படிப் பயன்படுத்துவது என்று யாருக்கும் தெரியாததால் எல்லோரும் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்கள். மறுநாளே பழையதைத் திரும்ப அழைத்துக்கொண்டோம். அந்த ஒரு நாள் அதன் பதிவேட்டில் ‘கட்டாயக் காத்திருப்பு’ என்று எழுதப்பட்டிருக்கிறது.

ஆவணி மாதத்தின் முதல் திங்கட்கிழமை, நான்கு ஐம்பத்திரண்டுக்குக் கணினியின் ஹார்டு டிஸ்க் ‘கடக், கடக்’ என்றது. பிறகு ஒன்றும் சொல்லவில்லை. நான்கு ஐம்பத்தொன்பது முடிந்து நேராக ஆறு மணி வந்தது.

பேருந்து நிலையத்தில் ஒருவர் நான்கு ஐம்பத்தொன்பதுக்கு எண்ணெயில் போட்ட பஜ்ஜியை ஆறு மணிக்கும் எடுக்க முடியவில்லை. பஜ்ஜி வேகவும் இல்லை, கருகவும் இல்லை. அது வேகவேண்டிய நேரம் வரவில்லை. விசைத்தறித் தெருவில் ஷிப்ட் மாற்றிக்கொள்ள வந்தவர்கள் மாற்றிக்கொள்ளாமலே மாறியிருந்தார்கள். ஐந்து மணிப் பேருந்து வந்து, நிற்க இடமில்லாமல் போய்விட்டது.

மறுநாள் முதல் பக்கத்து நகராட்சியான நெய்மடை தன் ஐந்து மணியில் ஒரு பகுதியை எங்களுக்கு இரவல் கொடுத்தது. அங்கே மாலைப் பிரிவில் இருக்கும் சென்னியப்பன் அதைப் பால் கேனில் ஊற்றி நான்கு நாற்பது பேருந்தில் கொண்டுவந்தார். கேனுக்கு அரை டிக்கெட் எடுத்திருந்தார்.

“எறக்கி வெக்கட்டுங்களா?” என்றார்.

“வைங்க.”

“மூடியத் தொறக்கறப்ப மூஞ்சியத் தள்ளி வெச்சுக்குங்க. எங்கூரு அஞ்சு மணி கொஞ்சம் கண்ணு கூசும். புது மாடல் பாருங்க.”

நெய்மடையின் ஐந்து மணி உண்மையில் பதினேழிலிருந்து பன்னிரண்டைக் கழித்தது. கழித்த இடம் தெரியும். மேற்கு வானத்தில் ஒரு தையல் போல நீளமாக ஓடும். அங்குள்ளவர்களுக்கு அது பழகிவிட்டது. எங்கள் ஊரில் எல்லோரும் தலையைக் குனிந்துகொண்டு நடந்தார்கள். நெய்மடையிலிருந்து வரும் வழியில் மேடுபள்ளம் அதிகம். கேன் தளும்பி ஒரு தென்னந்தோப்பில் கொஞ்சம் கொட்டிவிட்டதால், ஐந்து நாற்பதுக்கே தீர்ந்துபோனது. ஆறு மணி வரும்வரை இருபது நிமிடம் எதுவும் இல்லாமல் உட்கார்ந்திருந்தோம்.

அன்றே மண்டல அலுவலகத்திலிருந்து கடிதம் வந்தது. வெள்ளிக்கிழமை மாலைக்குள் சொந்த ஐந்து மணி வராவிட்டால், வேங்கைப்பாறையின் மாலை நெய்மடையின் மாலையோடு நிரந்தரமாக இணைக்கப்படும். இணைப்பு ஆணையில் கையெழுத்து மட்டும் பாக்கி. இணை இயக்குநர் நேரில் வந்து பார்த்துவிட்டுப் போடுவார்.

மாலைப் பிரிவு மூடப்பட்டால் எனக்குச் சொத்துவரிப் பிரிவில் நாற்காலி உண்டு. அதனால் என்னைப் பற்றி நான் கவலைப்படவில்லை. எங்கள் மேல்நிலைத் தொட்டியின் தலையில் தினமும் ஒரு தையல் விழப்போகிறது என்பதை மட்டும் என்னால் ஏற்றுக்கொள்ள முடியவில்லை. கடிதத்தை மடித்துவிட்டு ரூபாவதியின் கடைக்குப் போனேன்.

ரூபாவதி பேருந்து நிலையத்துக்கு எதிரே கணினி பழுது பார்க்கிறவர். திருப்புளியைக் கொண்டையில் செருகியிருப்பார். வந்து கணினியைத் திறந்து, காதை வைத்துக் கேட்டார்.

“முடிஞ்சுபோச்சுங்கண்ணா. இந்த மாதிரி சுத்தற டிஸ்க் இனிமே கெடைக்காது. எஸ்.எஸ்.டி. போட்டுக்கலாம். உள்ளார சுத்தறதுக்கு ஒன்னுமே இல்ல. வேகமா இருக்கும்.”

“நம்ம பழைய ஓ.எஸ். அதுல இருக்குமா?”

“இருக்க வெக்கலாம். அதுக்குப் புடிக்கோணும்.”

புதிய டிஸ்க் புதன்கிழமை கூரியரில் வந்தது. சீட்டுக்கட்டு அளவு, ஆனால் அதைவிட மெல்லியது. ஓர் ஓரத்தில் தங்க நிறத்தில் பற்கள் வரிசையாக இருந்தன.

எங்கள் அலுவலகத்துக்கு வரும் ஒவ்வொரு பொருளின் மீதும் இருப்புப் பதிவேட்டு எண்ணை வெள்ளை எனாமலில் எழுதுவது என் பொறுப்பு. எண் எழுதப்படாத பொருள் அலுவலகத்தில் இருப்பதாகக் கருதப்படாது. நாற்காலிகள், மின்விசிறிகள், ஆணையரின் தண்ணீர்ச் செம்பு, எல்லாவற்றிலும் என் கையெழுத்துத்தான். வந்துபோகும் பூனைக்கும் உண்டு. ஒன்றாம் நம்பர் தூரிகையால் எழுதுவேன். இதுவரை என் எழுத்து கோணியது என்று தணிக்கையில் யாரும் சொன்னதில்லை. புதிய டிஸ்க்கில் ‘வே.ந./மா.பி./டிஸ்க்/2’ என்று எழுதினேன். இடம் போதவில்லை. எழுத்தைச் சுருக்க எனக்கு மனம் வரவில்லை. கடைசி எழுத்துகளை ஓரம் வரை கொண்டுபோய் முடித்தேன். அழகாகவே வந்தது. நிழலில் காயவைத்தேன்.

வியாழக்கிழமை காலையில் இயங்குதளத்தின் சி.டி.யைப் பீரோவிலிருந்து எடுத்தோம். ரசகற்பூர வாசனை அடித்தது. ரூபாவதி டிஸ்க்கைப் பொருத்தினார். கணினியின் முதல் பக்கத்தில் ‘புதிய முறை’ என்று இருந்ததைப் ‘பழைய முறை’ என்று மாற்றினார். அப்போதுதான் டிஸ்க்குக்கும் இயங்குதளத்துக்கும் பேச்சு புரியும் என்றார். பிறகு சி.டி.யைப் போட்டார். திரை நீலமானது. வெள்ளை எழுத்துகள் வந்தன.

‘வணக்கம். குடியிருக்க இடம் எதுவும் காணப்படவில்லை.’

ரூபாவதி வயரை மாற்றினார். மறுபடியும் அதே வணக்கம், அதே வாசகம். வேறு துளையில் செருகினார். அதே வாசகம், வணக்கம் இல்லை. மூன்று மணி வாக்கில் நானே விசைப்பலகையை இழுத்து, ‘இடம் இருக்கிறது, தயவுசெய்து பாருங்கள்’ என்று தட்டினேன்.

‘பார்த்துவிட்டேன்’ என்று பதில் வந்தது.

நான்கு நாற்பதுக்குச் சென்னியப்பன் கேனோடு வந்து எட்டிப் பார்த்தார்.

“இன்னும் ஆகலீங்களா?”

“ஆயிட்டிருக்குதுங்க.”

“மெதுவா ஆகட்டுங்க. நாங்கதான் இருக்கறமல்ல.”

அவர் மூடியைத் திறந்து ஊற்றிவிட்டுப் போனார். அந்தக் கூசும் வெளிச்சத்தில்தான் ரூபாவதி டிஸ்க்கைக் கழற்றிக் கையில் வைத்துப் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார்.

“அண்ணா, இது ஆரு எழுதுனது?”

“நாந்தான்.”

“கையெழுத்து நல்லா இருக்குது.”

“எல்லாரும் சொல்லுவாங்க.”

“ஆனா ‘ஸ்க்’கும் ரெண்டும் பல்லு மேல இருக்குது பாருங்க. வாயில பெயிண்ட் அடிச்சு வெச்சுட்டு வாயத் தொறன்னா அது எப்படித் தொறக்கும்?”

நான் பார்த்தேன். ‘ஸ்க்’ மிக நன்றாக அமைந்திருந்தது. புள்ளிகள் இரண்டும் ஒரே உயரம். தின்னரையும் பஞ்சையும் எடுத்துவந்து என் கையாலேயே துடைத்தேன். இத்தனை வருடங்களில் நான் எழுதியதை நானே அழித்தது அன்றுதான். டிஸ்க்கில் ‘வே.ந./மா.பி./டி’ என்பது மட்டும் மிஞ்சியது. விடுபட்ட எழுத்துகளைப் பூனையின் எண்ணுக்குப் பக்கத்தில் எழுதி, இரண்டையும் சேர்த்துப் படிக்கவேண்டும் என்று பதிவேட்டில் குறிப்புச் சேர்த்தேன்.

வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்கு இயங்குதளம், ‘இடம் காணப்பட்டது’ என்றது.

அதற்கு ஒரு வழக்கம் உண்டு. வாசலிலிருந்து அறுபத்து மூன்றாவது அடியில் குடித்தனத்தைத் தொடங்கும். பழைய டிஸ்க்குகளுக்கு அது சரி. புதிய டிஸ்க்கின் அறைகளோ வேறு அளவில் கட்டப்பட்டவை. அறுபத்து மூன்றில் தொடங்கினால் ஒவ்வோர் அறையிலும் தலை ஒரு பக்கமும் கால் சுவருக்கு அந்தப் பக்கமுமாகப் படுக்கவேண்டிவரும். எனவே ரூபாவதி இரண்டாயிரத்து நாற்பத்தெட்டாவது அடியில் முன்கூட்டியே ஒரு கோடு போட்டு வைத்திருந்தார்.

‘அறுபத்து மூன்று?’ என்று இயங்குதளம் கேட்டது.

‘வாசல் பெரிது’ என்று ரூபாவதி தட்டினார்.

‘சரி’ என்றது. இரண்டு அடி உள்ளே வந்திருக்கும். மறுபடியும் நின்றது.

‘சத்தம் கேட்கவில்லை. இங்கே உயிர் இருக்கிறதா?’

இருபத்திரண்டு வருடங்கள் அது சுற்றும் டிஸ்க்கின் மேல் குடியிருந்தது. காலடியில் ஏதாவது சுற்றிக்கொண்டிருந்தால்தான் அது வீடு. நான் மின்விசிறியை ஐந்தில் வைத்தேன். ‘இது காற்று’ என்றது. என் மொபெட்டை வராந்தாவில் ஏற்றி ஸ்டாண்டு போட்டு முறுக்கினேன். ‘இது பயணம்’ என்றது. ரூபாவதி தன் கடையிலிருந்து ஒரு பழைய டிஸ்க்கைக் கொண்டுவந்து பக்கத்தில் சுற்றவிட்டார். ‘இது வேறு ஒருவருடைய வீடு’ என்று மரியாதையாக விலகிக்கொண்டது.

அப்போது சுவருக்கு அந்தப் பக்கம், மகளிர் குழு உணவகத்தில் மாராத்தாள் கிரைண்டரைப் போட்டார். கல் மெதுவாகச் சுற்றத் தொடங்கியது.

‘இது வீடு’ என்றது இயங்குதளம்.

கணினியை மேஜையோடு தூக்கிக்கொண்டு போய் கிரைண்டருக்குப் பக்கத்தில் வைத்தோம். மாராத்தாள் உணவகத்தின் தலைவி. இடுப்பில் கை வைத்துக்கொண்டு பார்த்தார்.

“எத்தன நேரமுங்க இது?”

திரையில் ‘39 நிமிடங்கள் உள்ளன’ என்று வந்திருந்தது. அவை 2003-ன் நிமிடங்கள். அந்தக் காலத்து நிமிடம் அகலமானது. இப்போதைய நிமிடங்கள் ஐந்து அதில் தாராளமாக உட்காரும். அப்போது மணி ஒன்று நாற்பத்து மூன்று. ரூபாவதி விரலை மடக்கிப் பார்த்து, “நாலு அம்பத்தெட்டுக்கு முடியும்” என்றார்.

“சத்தம் நிக்காம இருக்கோணும்க்கா” என்றேன்.

“நாளைக்கு மண்டபத்துக்கு ஆறு ஈடு ஆட்டோணும். ஒரு ஈடு அரை மணி நேரம். அதுவரைக்கும் ஓடும். அப்புறம் உங்க பாடு.”

ஆறு ஈடு நான்கு நாற்பத்து மூன்றுக்கு முடிந்துவிடும். பதினைந்து நிமிடம் குறைகிறது. அது எங்கள் மூவருக்கும் தெரிந்தது. வேலையைத் தொடங்கினோம்.

முதல் ஈட்டில் இயங்குதளம் தன் சாமான்களை இறக்கியது. இரண்டாவதில் கடிகாரத்தை மாட்டியது. மூன்றாவதில் ஊர் எது என்று கேட்டது. நான் ‘வேங்கைப்பாறை’ என்று தட்டினேன். ‘தெரியும். வழக்கப்படி கேட்டேன்’ என்றது. நான்காவது ஈட்டில் ஒன்றும் செய்யவில்லை. பத்தொன்பது நிமிடம் என்ற இடத்திலேயே நின்று கல்லின் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தது. அதையும் வேலை நேரத்தில்தான் சேர்த்துக்கொண்டது.

நான்கு முப்பதுக்கு மண்டல இணை இயக்குநர் வந்தார். இட்லித் தட்டுகளுக்கு நடுவில் அவருக்கு ஒரு நாற்காலி போட்டோம். மடியில் ஆணையை வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். நான்கு நாற்பதுக்குச் சென்னியப்பன் கேனோடு வந்து அவருக்கு அடுத்த முக்காலியில் உட்கார்ந்தார். அன்று மேடுபள்ளத்தில் கேனைக் கட்டிப் பிடித்தே வந்திருக்கிறார். ஒரு சொட்டுச் சிந்தவில்லை என்று இணை இயக்குநரிடம் சொன்னார்.

நான்கு நாற்பத்து மூன்றுக்கு மாராத்தாள் கடைசி மாவை வழிக்கத் தொடங்கினார். திரையில் ‘3 நிமிடங்கள் உள்ளன’ என்று இருந்தது.

“அவ்வளவுதானுங்க. அரிசி தீந்துபோச்சு.”

“இன்னுங் கொஞ்ச நேரம் ஓடட்டும்க்கா.”

“எதப் போட்டு ஓட்டறது? வெறுங்கல்லு ஓடுனா கல்லு போயிரும். நாளைக்கு மண்டபத்துக்கு நீங்க வந்து கையில ஆட்டித் தருவீங்களா?”

“ஊறாத அரிசி இருக்குதுங்களா?”

“அதப் போட்டா லொடலொடங்கும். உங்காளு அத வீடுன்னு ஒத்துக்குமா?”

ஒத்துக்கொள்ளாது. கல் கடைசிக் கரண்டி மாவில் சுற்றிக்கொண்டிருந்தது. சத்தம் மெலிந்தது. திரையில் ஒரு கட்டம் வந்தது.

‘வீடு போகிறதா?’

நான் கேனைப் பார்த்தேன். சென்னியப்பன் அதைத் தன் பக்கம் நகர்த்திக்கொண்டார்.

“ஏனுங்க, இதப் பாக்காதீங்க. இது எங்கூரு அஞ்சு மணி.”

“தெரியுமுங்க.”

“இதையும் கல்லுல ஊத்திப்போட்டு, உங்குளுதும் வரலைன்னா, இன்னைக்கு உங்கூருக்கு அஞ்சு மணியே இல்ல.”

“இல்லதான்.”

“அப்புறம் சார் கையெழுத்துப் போட்டுருவாரு.”

“போட்டுருவாரு.”

இணை இயக்குநர் பேனாவின் மூடியைக் கழற்றினார்.

“மூணு நாளா எங்க அஞ்சு மணியில குனிஞ்சுக்கிட்டே நடந்தீங்களே,” என்றார் சென்னியப்பன். “அது எனக்குத் தெரியாதுன்னு நெனச்சீங்களா?”

நான் கேனிலிருந்து கண்ணை எடுத்து அவரைப் பார்த்தேன்.

“திருப்பித் தருவீங்களா?”

“தருவோம். எங்கூரு அஞ்சு மணியாவே தருவோம். தையல் இல்லாம.”

சென்னியப்பனும் மாலைப் பிரிவுக்காரர்தான். கேனின் மூடியை அவரே திறந்தார். முகத்தைத் தள்ளி வைத்துக்கொண்டு கிரைண்டரில் ஊற்றினார். மாராத்தாள் அரை டம்ளர் தண்ணீர் தெளித்தார். நெய்மடையின் ஐந்து மணி கல்லுக்கு அடியில் போனது. கழித்த இடம் மட்டும் ஒருமுறை தட்டி நின்றது. மாராத்தாள் அதைக் கையால் தள்ளிவிட்டார். பிறகு வழுக்கிக்கொண்டு அரைந்தது. சத்தம் முன்பைவிடத் திடமாக இருந்தது.

‘2 நிமிடங்கள் உள்ளன.’

ரூபாவதி கொண்டையிலிருந்து திருப்புளியை எடுத்து, மறுபடியும் செருகிக்கொண்டார்.

‘1 நிமிடம் உள்ளது.’

அந்த ஒரு நிமிடத்தில் ஐந்து நிமிடம் உட்கார்ந்திருந்தோம்.

நான்கு ஐம்பத்தெட்டுக்குக் கணினி தன் பழைய மெட்டை வாசித்தது. திங்கட்கிழமைக்குப் பிறகு அன்றுதான் அதைக் கேட்டேன். ‘பணியில் சேர்ந்துவிட்டேன்’ என்று கட்டம் வந்தது. கீழே ‘சரி’ என்று ஒரே ஒரு பொத்தான் இருந்தது. அழுத்தினேன்.

உணவகத்துக்கு ஜன்னல் இல்லை. நான் ஓடிப்போய்க் கதவைத் திறந்து, அது மூடிக்கொள்ளாதபடி முதுகால் பிடித்துக்கொண்டு நின்றேன். நான்கு ஐம்பத்தொன்பது முடிந்தது. எங்கள் ஐந்து மணி என் முழங்காலை உரசிக்கொண்டு வெளியே போனது.

பழைய டிஸ்க்கில் அது தொட்டியில் தொடங்கி விசைத்தறித் தெருவுக்குப் போய்ச்சேர நான்கு நிமிடம் ஆகும். அன்று ஒரே மூச்சில் ஊர் முழுவதும் விழுந்தது. தொட்டி, தபால் நிலையம், பேருந்து நிலையம், தறித்தெரு, எல்லாம் ஒரே நேரத்தில் மஞ்சளாயின. நிறம் மாறவில்லை. அதே எலுமிச்சை சாதம். எங்கும் ஒரு தையல்கூட இல்லை. திங்கட்கிழமையிலிருந்து வாணலியில் கிடந்த பஜ்ஜி வெந்து மேலே வந்தது. தெருவில் போனவர்கள் ஒவ்வொருவராகத் தலையை நிமிர்த்தினார்கள். நிமிர்த்தி, வழக்கம்போல நடந்தார்கள்.

இணை இயக்குநர் வாசலுக்கு வந்து மேற்கே பார்த்தார். பிறகு ஆணையின் மீது ‘தேவை எழவில்லை’ என்று எழுதி, பேனாவை மூடினார். சென்னியப்பன் காலிக் கேனுக்குள் எட்டிப் பார்த்துவிட்டு, “நல்ல அஞ்சு மணிதானுங்க” என்றார். நான் ஆறு மணி வரை கதவைப் பிடித்துக்கொண்டு நேராக நின்றேன். கதவு அதற்குள் தானாகவே நிற்கப் பழகிவிட்டது என்று ரூபாவதி சொன்னார். இருந்தாலும் நின்றேன்.

ஆறு மணிக்கு இயங்குதளம், ‘இன்று வெள்ளிக்கிழமை. வீடு கழுவவா?’ என்று கேட்டது. வெள்ளிக்கிழமை தோறும் சாமான்களையெல்லாம் இடம் மாற்றி அடுக்கிக் கழுவிவிடுவது அதன் பழக்கம். புதிய டிஸ்க்கின் சுவர்கள் தேய்த்துக் கழுவக் கழுவ மெலிந்துவிடும். ‘இந்த வீட்டுக்குத் தண்ணீர் ஆகாது’ என்று ரூபாவதி தட்டினார். ‘சரி’ என்றது. கொஞ்சம் வருத்தப்பட்டிருக்கலாம்.

“இன்னொன்னு இருக்குதுங்கண்ணா,” என்றார் ரூபாவதி. “பழைய டிஸ்க்குல முடிஞ்சுபோன அஞ்சு மணி மேலயே அடுத்த நாளத்து அஞ்சு மணிய எழுதிக்கும். இது அப்படியில்ல. இது முடிஞ்சுபோச்சுன்னு ஆராச்சும் சொன்னாத்தான் எடுத்துப் போடும். உங்க ஓ.எஸ்.க்கு அப்படிச் சொல்ற பழக்கமே கெடையாது.”

“நான் சொல்றனுங்க.”

அன்றிலிருந்து தினமும் ஆறு மணிக்கு நான் டிஸ்க்குக்குப் பக்கத்தில் குனிந்து ‘முடிந்தது’ என்று சொல்கிறேன். அது உடனே எடுத்துப் போட்டுவிடும். மாராத்தாள் கல்லுக்கு ஓய்வு வேண்டும் என்று சொன்னதால், கிரைண்டரின் சத்தத்தைப் பதிவு செய்து பக்கத்தில் ஓடவிட்டோம். இயங்குதளம் அதை, ‘இது வீட்டின் நினைவு. போதும்’ என்று ஏற்றுக்கொண்டது. நெய்மடை கலந்த அந்தக் கடைசி மாவு மட்டும் காலையில் எவ்வளவு வேகவைத்தாலும் வேகவில்லை. மாலை ஐந்துக்குத்தான் வெந்தது. மாராத்தாள் அதை மாலை இட்லி என்று தனியாகப் பலகை எழுதி விற்றார்.

ஐப்பசியில் மைத்துனர் வீட்டுப் புதுமனை புகுவிழாவுக்காக ஒரு வியாழக்கிழமை தற்செயல் விடுப்பு எடுத்தேன். அன்று ஆறு மணிக்கு டிஸ்க்கிடம் சொல்ல ஆள் இல்லை.

வெள்ளிக்கிழமை காலை எட்டரைக்குத் திரும்பி வந்தபோது, பேருந்து நிலையத்தின் பின்புறம் நேற்றைய ஐந்து மணி இன்னும் நின்றுகொண்டிருந்தது. இரண்டு கடை அகலம் இருக்கும். சில வெள்ளாடுகள் அதற்குள் படுத்திருந்தன. ஓரமாக ஒரு பெஞ்சில் தறிக்காரர் பொங்கியண்ணன் டீ குடித்துக்கொண்டிருந்தார். நேற்று வாங்கிய டீ. இன்னும் ஆவி பறந்தது.

நான் அதைச் சுற்றிவந்து அளந்துகொண்டிருக்கும்போது நெய்மடைப் பேருந்து வந்தது. சென்னியப்பன் காலிக் கேனோடு இறங்கினார்.

“எங்க புது மாடலு புதன்கிழமையிலிருந்து தன்னைத்தானே புதுப்பிச்சுக்கிட்டு இருக்குதுங்க. முப்பத்தேழு சதவீதத்துல நிக்குது. அணைக்க வேண்டாம்னு எழுதியிருக்குது. ரெண்டு நாளா எங்கூருக்கு அஞ்சு மணி இல்ல. தர்றேன்னு சொன்னீங்களே.”

“நேத்தைய அஞ்சு மணி ஒன்னு இருக்குதுங்க. பரவாயில்லீங்களா?”

அவர் அதைச் சுற்றிவந்தார். இரண்டு விரலால் தொட்டு, வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார்.

“தையலே இல்லையே,” என்றார். “எங்கூருக்கு இது புதுசுதானுங்க.”

வெளியூருக்குப் போகும் அலுவலகப் பொருள் எண் இல்லாமல் போகக்கூடாது. எனாமலையும் தூரிகையையும் எடுத்துவந்தேன். இரண்டு கடை அகலத்துக்கு இடம் இருந்தது. ‘வே.ந./மா.பி./ஐந்து மணி/1’ என்று முழுதாக எழுதினேன். எந்த எழுத்தையும் சுருக்கவில்லை. பற்கள் இருக்கின்றனவா என்று முன்பே பார்த்துக்கொண்டேன்.

ஆடுகளை ஓட்டிவிட்டோம். பொங்கியண்ணன் எழுந்திருக்கவில்லை.

“டீ முடியலீங்க,” என்றார்.

அவரையும் சேர்த்தே கேனில் ஊற்றினோம். சென்னியப்பன் தனக்கு முழு டிக்கெட்டும், கேனுக்கு அரை டிக்கெட்டும், உள்ளே இருப்பவருக்கு ஒரு முழு டிக்கெட்டும் எடுத்தார். கேனை மடியில் வைத்துக்கொண்டு ஜன்னலோரமாக உட்கார்ந்தார்.

அன்று மாலை எங்கள் ஐந்து மணியை வெளியே விட்டுவிட்டு மேல்நிலைத் தொட்டியின் மீது ஏறி நெய்மடைப் பக்கம் பார்த்தேன். அந்த ஊரின் வானம் எங்கள் நிறத்தில் இருந்தது. அதில் என் கையெழுத்து இங்கிருந்தே படிக்கும்படி தெளிவாகத் தெரிந்தது. புள்ளிகள் எல்லாம் ஒரே உயரம்.

ஆறு மணிக்கு இறங்கிவந்து டிஸ்க்குக்குப் பக்கத்தில் குனிந்து, இரண்டு ஊருக்கும் சேர்த்து ‘முடிந்தது’ என்று சொல்ல வாயைத் திறந்தேன். நெய்மடைப் பக்கமிருந்து பொங்கியண்ணனின் குரல் கேட்டது.

“இன்னும் ரெண்டு மடக்கு இருக்குதுங்க.”

நான் அவருக்கு ஐந்து நிமிடம் கொடுத்தேன். 2003-ன் நிமிடங்களாகவே கொடுத்தேன்.